முதல் டி அண்ட் டி ஆட்டம் நடத்தப் போகிறீர்களா? மந்திரத்தை எந்த அளவுக்கு விடுவது என்று முதலில் முடிவெடுங்கள்

திருகோணமலையில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் (டி அண்ட் டி) மாதிரி, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கட்டை உருட்டிக் கதை நடத்தும் ஒரு மேசை ஆட்டம் தொடங்கப் போகிறீர்கள், கதையை நடத்தப் போவதும் நீங்கள்தான் என்றால் இது உங்களுக்கு. விதிகளை விளக்க யூடியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "இந்த உலகத்தில் மந்திரம் எவ்வளவு சாதாரணம்?" என்ற கேள்விக்குத்தான் தமிழில் சொல்லித்தர ஆள் இல்லை. எங்கள் மேசையில் கொலைக் கதை ஒன்று ஆரம்பித்த வேகத்தில் முடிந்தது, பஞ்சக் கதை ஒன்று தொடங்கவே இல்லை. இரண்டுக்கும் காரணம் அந்தக் கேள்விதான். கீழே உள்ள ஒழுங்கில் போனால் ஒரு பின்னேரத்தில் வேலை முடியும்.

1. கடதாசிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தேவையானது முதலில் விதித் தொகுப்பு. டி அண்ட் டியின் அடிப்படை விதிகளைத் தொகுத்த எஸ்.ஆர்.டி. 5.1 பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். ஆகவே இறக்கலாம், அச்சடிக்கலாம், நண்பர்களுக்குப் பிரதி கொடுக்கலாம். யார் வெளியிட்டது என்ற குறிப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள். 2025இல் 5.2 என்ற புதிய தொகுப்பும் அதே உரிமத்தில் வந்திருக்கிறது.

முதல் பொறி இதில்தான் இருக்கிறது. ஒருவர் போனில் 5.1, இன்னொருவர் போனில் 5.2 இருந்தால் சண்டை நிச்சயம். கியூர் வூண்ட்ஸ் என்ற குணப்படுத்தும் மந்திரத்துக்கு 5.1இல் ஒரு 8 முகக் கட்டை, 5.2இல் இரண்டு. ஒன்றைத் தெரிந்து எல்லாருக்கும் அதையே அனுப்புங்கள். இந்தக் கட்டுரையில் வரும் கணக்கெல்லாம் 5.1இலிருந்து எடுத்தது.

பிடிஎஃப் 400 பக்கத்துக்கு மேல். "முழுக்கப் போட்டோகொப்பி எடுங்கோ" என்று கடையில் சொல்லிவிடாதீர்கள், காசு கரைந்துவிடும். ஆளுக்கு அவரவர் கிளாஸ் (வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) பக்கங்கள், ஒரு கரெக்டர் ஷீட் (பாத்திரத்தின் விபரத் தாள்), மந்திரம் போடுபவர்களுக்கு அவர்கள் தெரிவு செய்த மந்திரங்களின் விளக்கம், அவ்வளவே போதும். உங்களுக்கு மட்டும் இரண்டு தாள் கூடுதலாக வேண்டும்: மந்திரத் தாள் ஒன்று, விலைப்பட்டியல் ஒன்று. இரண்டையும் நீங்களே எழுதப் போகிறீர்கள்.

கட்டைகள்: 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் வேண்டும். டவுன் கடைகளில் லூடோ பெட்டிக்குள் வரும் 6 முகம்தான் சுலபமாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்பதும் வந்த பிறகுதான் தெரியும். போனில் இலவசச் செயலி இருக்கிறது. கரண்ட் போய், போன் சார்ஜும் போனால்? பால்மா டின்னுக்குள் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த துண்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

2. யார் என்ன கிளாஸ் என்று கேளுங்கள், பிறகு அளவைத் தீர்மானியுங்கள்

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "என் உலகத்தில் மந்திரம் மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்" என்று அழகாக ஒரு முன்னுரை எழுதி வைப்பார்கள். ஆட்டக்காரர்கள் வந்து உட்காருவார்கள். ஒருவர் விசார்ட், ஒருவர் கிளெரிக், ஒருவர் வோர்லொக். ஆயிரத்தில் ஒருவராக இருக்க வேண்டிய மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் ஏறி வந்து இறங்குகிறார்கள்.

இது தற்செயலாக நடப்பதில்லை. 5.1இல் 12 கிளாஸ்கள். அவற்றில் மந்திரமே போடாதவை பார்பேரியன், ஃபைட்டர், மொங்க், ரோக் ஆகிய நாலும்தான். மிச்சம் எட்டுக்கும் மந்திரம் உண்டு. பலடினுக்கும் ரேஞ்சருக்கும் லெவல் 2இலிருந்து. (இந்த லெவல் பாத்திரத்தின் வளர்ச்சிப் படி. மந்திரங்களுக்கும் தனியாக லெவல் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அதற்கு மேல் விசார்ட், கிளெரிக் போன்றோருக்கு கான்ட்ரிப் என்ற சின்ன மந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது, நாள் முழுக்கப் போடலாம். விரல் நுனியில் நெருப்பு கக்குகிற ஆள் பக்கத்தில் நிற்கும்போது "மந்திரத்தை யாரும் கண்டதில்லை" என்ற வசனம் எடுபடாது.

ஆகவே வட்ஸ்அப் குழுவில் முதலில் விருப்பத்தைக் கேட்டுவிடுங்கள். இரண்டுக்கு மேல் மந்திரக்காரர்கள் வந்தால், உலகத்தை அதற்கேற்பத் திருத்துவதுதான் புத்திசாலித்தனம். ஆட்டக்காரரின் கிளாஸை வெட்டினால் அவர் வேண்டாவெறுப்பாக விளையாடுவார், பிறகு வரவே மாட்டார்.

மந்திரமே இல்லாத கதைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த விதித் தொகுப்பை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். 12இல் 8ஐ வெட்டிய பிறகு காயம் ஆற்ற ஆளில்லாமல் உங்கள் வீரர்கள் முதலாவது குகையிலேயே விழுந்து கிடப்பார்கள்.

3. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள்

"மந்திரம் கூடவா குறையவா" என்ற பேச்சுக்குள் இரண்டு கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஒன்று. தெரிந்தவரால் எவ்வளவு பெரிய காரியம் செய்ய ஏலும் என்பது மற்றது. மந்திரத் தாளின் தலையில் இரண்டுக்கும் ஒவ்வொரு வசனம் எழுதுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு நான் சொல்வது: சின்ன மந்திரம் பலருக்கு, பெரிய மந்திரம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையே இல்லை. நாவூறு சுற்றிப் போடுவதும், மந்திரித்த நூல் கட்டுவதும், வாகனத்துக்கு முன் தேசிக்காய் வெட்டுவதும் யாரும் நின்று பார்க்கிற விசயமா? ஆனால் "அவர் செய்வினை செய்கிறவராம்" என்று ஒருவரைப் பற்றிக் கதை வந்தால் குரல் இறங்கிவிடும். மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று யாழ்ப்பாணத்தார் பகிடி விடுவார்கள் அல்லவா, அந்தப் பகிடிக்குள்ளும் கொஞ்சம் பயம் இருக்கும். அந்த அளவை அப்படியே உங்கள் உலகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

விதியில் இதை எழுதுவது இப்படி: ஊருக்கு ஒருவர் கான்ட்ரிப்பும் லெவல் 1 மந்திரமும் போடுவார். லெவல் 2 மந்திரம் போடுபவர் பட்டினத்தில் ஒருவர். லெவல் 3உம் அதற்கு மேலும் போடுபவர்களுக்குப் பெயர் உண்டு, இருப்பிடம் உண்டு, எதிரிகள் உண்டு. அவர்களை நீங்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதி வைக்க வேண்டும். எழுத அலுப்பாக இருந்தால் நல்லது, எண்ணிக்கை தன்னால் குறையும்.

4. கதையைக் கொல்லும் மந்திரங்களைக் கணக்குப் பாருங்கள்

மந்திரத் தாளில் அதிக நேரம் எடுக்கப் போவது இந்தப் பகுதிதான், எடுக்கட்டும். நெருப்புப் பந்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். சண்டை மந்திரங்கள் சண்டையோடு முடிந்துவிடும். உலகத்தைத் தலைகீழாக்குவது வீட்டுப் பாவனை மந்திரங்கள்.

குட்பெரியை எடுங்கள். ட்ரூயிட் என்ற மந்திரக்காரக் கிளாஸின் லெவல் 1 மந்திரம். ஒருமுறை போட்டால் 10 பழம் வரை, ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. ஆரம்ப நிலை ட்ரூயிட்டுக்கு நாளுக்கு இரண்டு ஸ்பெல் ஸ்லொட் (மந்திரம் போடும் தடவை), ஆக 20 பேர். கற்றுக்குட்டி ட்ரூயிட் ஐந்து பேர் இருந்தால் 100 பேர் உள்ள கிராமத்தில் அடுப்பு எரிய வேண்டியதில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் தம்பலகாமம் மாதிரி ஒரு ஊரை உங்கள் கதையில் வைத்து, குளம் வற்றிப் பஞ்சம் வந்தது என்று தொடங்கினால், ட்ரூயிட் எடுத்தவர் கையைத் தூக்குவார். அவர் செய்வது நியாயம். பஞ்சக் கதைதான் வேண்டுமென்றால் ஊரில் ட்ரூயிட் இல்லை என்று எழுதுங்கள், கிராமத்தை 400 பேராக்குங்கள். 20 பழத்தை யாருக்குக் கொடுப்பது என்பதே அப்புறம் ஒரு நல்ல இரவுக்கான கதை.

தண்ணீருக்கும் இதே மாதிரிப் பாருங்கள். கிரியேட் ஓர் டிஸ்ட்ரோய் வோட்டர் ஒரு தடவைக்கு 10 கலன், கிட்டத்தட்ட 38 லீட்டர். குடிக்கப் போதும், வயலுக்குக் காணாது. எனவே வரட்சிக் கதை பிழைக்கும்.

கொலைக் கதைக்கு எமன் இரண்டு. ஸோன் ஒஃப் ட்ரூத் லெவல் 2: சின்ன வட்டத்துக்குள் 10 நிமிடம் பொய் சொல்ல முடியாது. ஸ்பீக் வித் டெட் லெவல் 3: பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கலாம். இரண்டையும் தடைசெய்யத் தோன்றும். விளக்கத்தை ஒரு முறை வடிவாக வாசியுங்கள், வழி அங்கேயே இருக்கிறது. முதலாவதில் தப்புவதற்குக் கட்டை உருட்ட வாய்ப்புண்டு. மாட்டியவரும் பதில் சொல்லாமல் மழுப்பலாம், வாயை மூடிக்கொண்டும் இருக்கலாம். இரண்டாவதற்குப் பிணத்தில் வாய் இருக்க வேண்டும், அந்தப் பிணத்துக்குத் தெரிந்ததை மட்டுமே அது சொல்லும். பின்னாலிருந்து தள்ளிவிடப்பட்டவருக்குத் தள்ளியது யாரென்று தெரியாது. மீன் தின்ற பிறகு கரையொதுங்கிய முகத்தில் வாய் எங்கே? கடல் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள், இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

சென்டிங் (லெவல் 3) 25 சொல்லை எவ்வளவு தூரத்துக்கும் உடனே அனுப்பும். கோட்டைக்கு ரகசிய ஓலை கொண்டுபோகும் கதை என்றால், அரசனிடம் சென்டிங் போடும் ஆள் ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். பயணக் கதைகளுக்கு அவ்வளவு பயமில்லை. ஊர்விட்டு ஊர் தாவும் டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள் லெவல் 5 மந்திரம். ஆட்டக்காரர் லெவல் 9க்கு வந்தால்தான் கிடைக்கும். பாலம் கட்டுமுன் கிண்ணியாவுக்குப் பாதையில் (மிதவைப் படகில்) போனவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு துறையைக் கடப்பதற்குள் எத்தனை கதை நடக்கும் என்று சொல்வார்கள். அது லெவல் 9 வரை உங்கள் கையில் இருக்கிறது.

5. உலகத்துக்குள் விலைப்பட்டியல் போடுங்கள்

மந்திரம் அரிதா இல்லையா என்பதை ஆட்டக்காரர்கள் உங்கள் முன்னுரையை வைத்து நம்புவதில்லை, கடையில் விலை கேட்கும்போதுதான் நம்புகிறார்கள். எஸ்.ஆர்.டி.யிலேயே எண்கள் இருக்கின்றன:

பயிற்சியில்லாத கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளிக்காசு. ஏழ்மையான சீவியத்துக்கு நாளுக்கு அதே 2 வெள்ளிக்காசு. மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. 10 வெள்ளி ஒரு பொற்காசு. சாதாரணக் குணப்படுத்தும் மருந்து 50 பொற்காசு, அதாவது சாப்பிடாமல் கொள்ளாமல் 250 நாள் கூலி. ஊரில் உள்ளவரைக் கொண்டு லெவல் 1 அல்லது 2 மந்திரம் போடுவிக்க 10 முதல் 50 பொற்காசு.

இந்த நாலு வரியைப் பாருங்கள். மந்திரம் பட்டினத்தில் தாராளமாக இருந்தாலும் கூலிக்காரனுக்கு அது இல்லை. நீங்கள் எதையும் வெட்டாமலே உலகம் பாதிப் பேருக்கு அரிய மந்திர உலகமாகிவிட்டது. லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் நோயை நீக்கும், லெவல் 2. பட்டினத்தில் அதைப் போடும் ஒரே ஆளின் வீட்டு வாசலில் விடிய நாலு மணிக்கே வரிசை நிற்கும். காசுக்காரர் பின்கதவால் போவார். இதைக் கதையில் காட்டினால் போதும், "மந்திரம் அரிது" என்று நீங்கள் வாயால் சொல்லத் தேவையில்லை.

பொறி: மந்திரப் பொருள் விற்கும் கடை. முதல் ஆட்டத்தில் வைக்கவே வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த அமர்வு முழுக்கப் பேரம் பேசுவதில் போகும். குணப்படுத்தும் மருந்து மட்டும் விற்கட்டும், வாரத்துக்கு இத்தனை போத்தல் என்று கட்டுப்பாடு போட்டு.

6. தடைசெய்யாமல் அரிதாக்குவது

சில மேசைகளில் இவ்வளவும் போதாது, இன்னும் இறுக்க வேண்டும் என்பார்கள். அதற்கு வழிகள் உண்டு.

ஓய்வை மாற்றலாம். சாதாரண விதியில் எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பினால் (இதுதான் நீண்ட ஓய்வு) ஸ்லொட் எல்லாம் திரும்ப வந்துவிடும். 2014இல் வந்த டன்ஜன் மாஸ்டர் (கதை நடத்துபவர்) கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது: குறுகிய ஓய்வு எட்டு மணித்தியாலம், நீண்ட ஓய்வு ஏழு நாள். மந்திரத்தின் எண்ணிக்கை மாறாது, போடும் கைதான் தயங்கும். இதை விதிப்பதென்றால் முதல் நாளே சொல்லுங்கள். வோர்லொக்குக்கும் ஃபைட்டருக்கும் குறுகிய ஓய்வு முக்கியம், நடுவில் மாற்றினால் அவர்களுக்கு அநியாயம்.

எனக்குப் பிடித்தது இடத்தைக் கட்டுவது. கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய ஆட்கள் போகும் இடம். இந்தச் சாயலில் ஒரு வெந்நீர்க் கிணற்றடியை உங்கள் உலகத்தில் வைத்து, ஸ்பீக் வித் டெட் அங்கே மட்டும்தான் வேலை செய்யும் என்று எழுதிப் பாருங்கள். பிணத்தை வெயிலில் வண்டியில் ஏற்றி, காட்டு வழியால், எதிரி பின்தொடர, கிணற்றடி வரை கொண்டுபோக வேண்டும். ஒரு ஸ்லொட்டில் முடிந்திருக்கும் காரியம் ஒரு முழு அமர்வாகிவிடுகிறது. கிணறுகளுக்கு முறை வைத்தால் இன்னும் நல்லது: சூடு கூடிய கிணற்றில் உண்மை கூட வரும், கேட்பவருக்கும் சுடும்.

பொருளைக் கட்டுவது மூன்றாவது. பெரிய மந்திரங்கள் பலவற்றுக்கு விதியே விலையுயர்ந்த பொருள் கேட்கிறது. அந்தப் பொருள் உங்கள் பட்டினத்துக்கு எந்தக் கப்பலில் வருகிறது என்பதை மட்டும் தீர்மானித்தால் சரி.

7. பேய் பூதங்களைச் சரிபாருங்கள்

சின்ன வேலை, மறந்தால் பெரிய கரைச்சல். 5.1இல் சில எதிரிகள் சாதாரண ஆயுதத்துக்கு அசையமாட்டார்கள். வெயர்வுல்ஃபுக்கு (ஓநாய் மனிதனுக்கு) மந்திர ஆயுதமோ வெள்ளி பூசிய ஆயுதமோ மந்திரமோ இல்லாவிட்டால் வாள், அம்பு, பொல்லு ஒன்றும் ஏறாது. மந்திர ஆயுதமே இல்லாத உலகத்தில் அதை இறக்கினால் ஃபைட்டர் எடுத்தவர் முழுச் சண்டையும் பிளேன்டீ குடித்துக்கொண்டு பார்த்திருப்பார். ஒவ்வொரு எதிரியின் பக்கத்திலும் டேமேஜ் இம்யூனிட்டி (எந்த அடி ஏறாது), ரெசிஸ்டன்ஸ் (எந்த அடி குறைவாக ஏறும்) என்ற வரிகளை வாசித்துவிட்டு இறக்குங்கள். அல்லது வெள்ளி பூசும் தட்டாரை ஊருக்குள் வையுங்கள்.

8. மேசையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்

திருகோணமலை மேசையில் டவுன் ஆளும் இருப்பார், கிண்ணியாவோ மூதூரோ ஆளும் இருப்பார், சிங்கள நண்பரும் இருப்பார். சூனியம், செய்வினை எல்லாம் சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு மார்க்கம் தடுத்த விசயம், சிலர் வீட்டில் உண்மையாகவே அதனால் சண்டை நடந்திருக்கும். ஆட்டத்துக்கு முன் தனியாகக் கேளுங்கள்: எது கதையில் வரக்கூடாது? பிணத்தோடு பேசுவதா, பேயை அழைப்பதா, ஆளை வசியம் செய்வதா? வேண்டாம் என்று சொன்னதை மந்திரத் தாளின் அடியில், சொன்னவரின் பெயரில்லாமல், "இந்த உலகத்தில் இல்லை" என்று எழுதிவிடுங்கள். விவாதம் வேண்டாம்.

கோவில், பள்ளிவாசல், தெய்வப் பெயர் எதையும் அப்படியே எடுக்காதீர்கள். பாறைமேல் ஒரு கோவிலும், கீழே ஆழக் கடலும், கோட்டைக்குள் மான் கூட்டமும் வைத்தால் எல்லாருக்கும் புரியும். பெயர் வேறாக இருக்கட்டும்.

வீட்டில் விளையாடினால் அம்மாமாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. "ஆவியைக் கூப்பிடுறன்" என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

9. முதல் அமர்வின் நேரக் கணக்கு

கரெக்டர் உருவாக்க ஒரு நாள், விளையாட இன்னொரு நாள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் மந்திரக்காரர்கள் மந்திரம் தெரிவு செய்து முடிக்கும்போது மற்றவர்கள் போனுக்குள் போயிருப்பார்கள். முதல் நாள் மந்திரத் தாளை வாசித்துக் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

விளையாடும் நாளுக்குப் போயா விடுமுறை வசதி. மூன்று, நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தூரத்து ஆட்களின் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே சண்டையை முடிக்கப் பாருங்கள். லெவல் 1இல் சண்டை சின்னதாக இருந்தாலும், மந்திரம் போடுபவர் ஒவ்வொருவரும் விளக்கத்தை வாசித்துத்தான் போடுவார். ஏஎல் பரீட்சை நெருங்கும் மாதங்களில் தொடங்கவே வேண்டாம்.

10. லெவல் 5க்கு முன் தாளை மறுபடி எடுங்கள்

லெவல் 1 முதல் 4 வரை நீங்கள் போட்ட அளவு தாங்கும். லெவல் 5 ஆனதும் முழு மந்திரக்காரர்கள் லெவல் 3 மந்திரத்துக்கு வந்துவிடுவார்கள்: விசார்ட் பறப்பார், கிளெரிக் ரிவிவிஃபை போட்டு, செத்து ஒரு நிமிடம் ஆகாதவரை எழுப்புவார். அதுவரை அரிது என்று நீங்கள் வைத்திருந்த "பெயர் பெற்ற" ஆட்களுக்குச் சமமாக உங்கள் ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஊர் அவர்களை நடத்தும் விதம் மாற வேண்டும். வாசலில் வரிசை இனி அவர்களுக்காக நிற்கும்.

ரிவிவிஃபைக்கு 300 பொற்காசு பெறுமதியான வைரம் தேவை, போட்டதும் அது தீர்ந்துவிடும். அந்த வைரம் யாரிடம் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, விற்பாரா என்ற மூன்றையும் லெவல் 4 முடிவதற்குள் விலைப்பட்டியலில் எழுதிவிடுங்கள். யாராவது ஒருவர் செத்து விழுந்த பிறகு, எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க ஏலாது.